வைண்டர் கொர்னேலியஸ் கம்மோடு வாங்கிய விதம்

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் கொர்னேலியஸ் என்ற பெயரில் இரண்டு பேர் உண்டு. ஒருவர் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர். மற்றவரை எல்லோரும் வைண்டர் கொர்னேலியஸ் என்பார்கள். தங்கச் சுரங்கத்தை இழுத்து மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. சுரங்கம் போனது, சம்பளம் போனது, தலைமுடியும் போனது. வைண்டர் என்ற பட்டம் மட்டும் மனிதரை விடுவதாக இல்லை.

ஷாஃப்ட் என்கிற ஆழக் குழிக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டுக்கு கேஜ் என்று பெயர். அது கம்பி வடத்தில் தொங்கும். அந்த வடத்தைச் சுற்றுகிற டிரம் மூன்று ஆள் உயரம் இருக்கும். டிரம்மை ஓட்டுகிற ஆள்தான் வைண்டர். அவர் உட்காரும் இன்ஜின் அறையிலிருந்து பார்த்தால் ஷாஃப்ட்டின் வாய்கூடத் தெரியாது. மணி அடிக்கும். மூன்று முறை அடித்தால் ஆட்கள் ஏறுகிறார்கள் என்று அர்த்தம். எதிரே ஒரு முள், கேஜ் எத்தனை அடியில் போகிறது என்று காட்டும். அந்த மணியையும் முள்ளையும் மட்டும் நம்பி, முகம் தெரியாத முப்பது நாற்பது பேரை மூவாயிரம் அடி இருட்டுக்குள் இறக்கி, ஷிஃப்ட் முடிந்ததும் மேலே கொண்டுவர வேண்டும். பதின்மூன்று வருஷம் கொர்னேலியஸ் இந்த வேலையைப் பார்த்தார். ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை. இதைப் பெருமையடித்துச் சொல்லமாட்டார். சொல்ல ஆரம்பித்தாலே அவருக்குக் குரல் இறங்கிவிடும்.

சுரங்கம் மூடியபின் பெங்களூரில் ஒரு பெரிய கட்டிடத்தில் லிஃப்ட்மேன் வேலை கிடைத்தது. விடியற்காலை ரயிலைப் பிடித்துப் போய், பதினோரு மாடிக்கு ஆட்களை ஏற்றி இறக்கிவிட்டு, ராத்திரி ரயிலில் திரும்பி வருவார். மூவாயிரம் அடி எங்கே, பதினோரு மாடி எங்கே. ஆனாலும் லிஃப்ட் நிற்கும்போது ஒரு நூல்கூட மேலே கீழே இல்லாமல் தரையோடு தரையாக நிறுத்துவார் என்று அங்கே அவருக்குப் பெயர். இப்போது அறுபத்தைந்து வயது. மகள் ஷோபா கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் அவரும் மனைவி பியூலாவும்தான்.

இந்தக் கதை பியூலாவின் கல்லில் தொடங்குகிறது. போன வருஷம் ஜூலையில் அவளுக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு வலி வந்தது. சிறுநீரகத்தில் கல். ஆஸ்பத்திரியில் சேர்த்து, கத்தி வைக்காமலே எடுத்தார்கள். வெளியே அனுப்பும்போது டாக்டர், "தினமும் மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும்மா, மறக்காதீங்க" என்றார். பியூலா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்தபின் ஒரு டம்ளருக்கு மேல் தொடவில்லை.

கொர்னேலியஸ் அளவு பார்த்தே பழகிய மனிதர். காலையில் ஜக்கு நிறைய ஊற்றிவைத்த தண்ணீர், மத்தியானம் நாலு விரற்கடைதான் இறங்கியிருக்கும். சாயங்காலமும் அங்கேயே நிற்கும். கேட்டால், "குடிச்சேனே, நீங்க பாக்கல" என்பாள். கார்த்திகை மாதம் திரும்பவும் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு சின்னக் கற்கள் மறுபடி உட்கார்ந்திருந்தன. ஆறு வாரம் கழித்து இன்னொரு முறை பார்ப்போம், வளர்ந்திருந்தால் இந்தத் தடவை ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பியூலாவுக்கு சர்க்கரையும் உண்டு, இரத்த அழுத்தமும் உண்டு. ஆபரேஷன் என்ற சொல்லை டாக்டர் சொன்ன விதம் கொர்னேலியஸுக்குப் பிடிக்கவில்லை.

அவள் ஏன் குடிக்கவில்லை என்பது ஒன்றும் பெரிய மர்மமில்லை. வீட்டுக்குப் பின்னால், பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரில், ஒரு கக்கூஸ் கட்டியிருந்தார்கள். பத்து வருஷத்துக்கு முன் இருப்பதிலேயே விலை குறைந்த கம்மோடாகப் பார்த்து வைத்தது. அதன் ஃப்ளஷ்ஷை அழுத்தினால் தண்ணீர் சோம்பலாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அப்படியே நிற்கும். போக வேண்டியது போகாது. இரண்டு வாளி ஊற்ற வேண்டும், சில நாள் மூன்று. போன மழையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்ததிலிருந்து பியூலாவால் வாளி தூக்க முடியவில்லை. போதாததற்கு, ஒரு வாளி கவிழ்ந்தாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். யார் வீட்டில் எத்தனை வாளி என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல் இருப்பார்கள், அவ்வளவுதான்.

"நான் ஊத்திட்டுப் போறேன். இதுல இன்னா கீது?" என்று கொர்னேலியஸ் ஒருநாள் கேட்டார்.

"நாப்பது வருசம் உங்களுக்குச் சோறு போட்டுகினு கீறேன். எனக்கு இதுக்கு நீங்க வந்து தண்ணி ஊத்துறதா? அந்த வலியே வந்துட்டுப் போவட்டும்," என்றாள் பியூலா. அவள் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஆகவே கக்கூஸை மாற்றுவது என்று கொர்னேலியஸ் முடிவு செய்தார். ஒரு விரலால் அழுத்தினால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் இழுத்துக்கொண்டு போகிற சக்தி அதற்கு வேண்டும். பென்ஷன்காரன் கைக்கு எட்டுகிற விலையிலும் இருக்க வேண்டும். கையில் ஆறு வாரம் இருந்தது.

முதல் மூன்று வாரத்தை அவரே வீணடித்தார். சுரங்கத்துக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. சக்தி என்றால் அவருக்கு உயரம். உயரத்திலிருந்து எது விழுந்தாலும் அதன் வேகம் என்ன என்று அவருக்கு அடி அடியாகத் தெரியும். வீட்டுத் தண்ணீர் டேங்க் கூரைக்கு மேலே ஒரு முழ உயரத்தில்தான் உட்கார்ந்திருந்தது. பின்னே ஃப்ளஷ் எப்படி இழுக்கும்? பழைய இரும்பு ஆங்கிள்களை வாங்கினார், வெல்டரைப் பிடித்தார், பதினாறு அடியில் ஒரு கோபுரம் எழுப்பி அதன் தலையில் டேங்கை ஏற்றினார். பக்கத்து வீட்டு லாய்ட் ஆட்டோ ஓட்டுகிறவன். வாய் அவன் ஆட்டோவைவிட அதிகம் ஓடும். காலையில் பல் தேய்த்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தான்.

"இன்னா அங்கிள், புதுசா ஷாஃப்ட் தோண்டப் போறீங்களா? ஹெட்கியர் கோபுரம்லாம் நிக்குது. சொல்லுங்க, நானும் வேலைக்கு எழுதிப் போடறேன்."

கொர்னேலியஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே போய் ஃப்ளஷ்ஷை அழுத்தினார். தண்ணீர் அதே சோம்பலோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. ஒன்று மட்டும் மாறியிருந்தது. முன்னே நாலு நிமிஷத்தில் நிறைந்த ஃப்ளஷ் டேங்க் இப்போது ஒரு நிமிஷத்தில் நிறைந்தது. அவர் கம்மோடின் மூடியை மூடி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். வெளியே வர வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தாமோதரனைக் கூப்பிட்டார். தாமோதரன் பக்கத்திலேயே பாலகாட்டில் இருக்கிறவன், பிளம்பர். வாரத்தில் ஆறு நாள் பெங்களூர் அடுக்குமாடிகளில் பாத்ரூம் பொருத்துவான், ஏழாம் நாள் ஊர்க்காரர்களுக்கு. கோபுரத்தைப் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே வந்து ஃப்ளஷ் டேங்கின் மூடியைத் தூக்கிக் காட்டினான்.

"மேல டேங்க் எவ்ளோ ஒசரத்துல இருந்தாலும் அந்தக் கதை இந்த வால்வோட முடிஞ்சிது அங்கிள். தண்ணி இங்க வந்து நிக்குது பாருங்க. நின்ன தண்ணிக்கு எந்த ஒசரத்துலருந்து வந்தோம்னு நெனப்பு இருக்குமா? இங்கருந்து அது புதுசாத்தான் கெளம்பணும்."

கொர்னேலியஸ் அப்படியே நின்றுவிட்டார். சுரங்கத்தில் முதல் ஷாஃப்ட்டில் இறங்கினால் அதோடு முடியாது. அடியில் கேஜை விட்டு இறங்கி, லெவல் என்கிற சுரங்கப் பாதையில் நடந்து போய், பூமிக்குள்ளேயே இருக்கும் இரண்டாவது ஷாஃப்ட்டின் கேஜில் ஏறி இன்னும் கீழே போவார்கள். அதற்குத் தனி இன்ஜின், தனி வைண்டர். மேலே இருக்கிற இன்ஜின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த இரண்டாவது கேஜை ஓர் அங்குலம் அசைக்க முடியாது. இது தெரிந்தே சுரங்கத்தில் மொத்தம் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவருக்குத் தன் வீட்டு டேங்கில் அது தோன்றவில்லை.

"அப்ப பவரு எங்கதான் கீது?" என்றார்.

தாமோதரன் கம்மோடின் பின்பக்கத்தைத் தட்டினான். "இந்த வளைவுல. கேன்லருந்து கெரசின் எடுக்க டியூப் போட்டு வாயால ஒரு தபா இழுப்போம்ல? அப்புறம் நாம இழுக்கத் தேவையில்ல, அதுவே இழுத்துகினு வரும். அதே வேலைதான். தண்ணி வந்து வளைவை முழுசா ரொப்பிச்சுன்னா மொத்தத்தையும் இழுத்துக்கும். உங்களுதுல வளைவு நெரம்பவே மாட்டேங்குது, சும்மா வழிஞ்சிட்டுப் போவுது. கடையில சைபோனிக்னு கேளுங்க. கேட்டுட்டு வளைவுக்குள்ள கை உட்டுப் பாருங்க. வெல கம்மியான பீஸுக்கு வெளியதான் பளபளப்பு, உள்ள சொரசொரன்னு இருக்கும்."

"மோட்டாரு?"

"இல்ல."

"கரண்டு?"

"ஒன்னுமே இல்ல அங்கிள். வளைவுதான்."

போகும்போது தாமோதரன், கக்கூஸ் சுவருக்கும் தரையிலிருக்கும் ஓட்டைக்கும் நடுவே டேப் வைத்து, "ஒம்போது இஞ்சு, மறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். கொர்னேலியஸ் அந்த மத்தியானம் முழுக்க பின்கட்டில் இரண்டு வாளியையும் உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டியூபையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேல் வாளித் தண்ணீர் டியூபில் முதலில் மேலே ஏறியது. விளிம்பைத் தாண்டியது. பிறகு தானாகவே கீழ் வாளிக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. வாளி காலியாகும்வரை நிற்கவில்லை. அவர் மறுபடி நிரப்பினார், மறுபடி பார்த்தார்.

"இன்னா பண்றீங்க?" என்று பியூலா வந்து நின்றாள்.

"தண்ணி மேல ஏறுது பாரு. யாரும் தள்ளல."

அவள் பார்த்தாள். அந்த மனிதர் முகத்தில் இப்படியொரு வெளிச்சத்தை ஷோபா பிறந்த அன்றைக்குப் பிறகு அவள் பார்த்ததில்லை. உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர், "களி கிண்டேன், கெட்டியா," என்றார். கேழ்வரகுக் களி அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாடு. காலையில் எதற்கு என்று பியூலா கேட்டாள். போற வழியில் சாப்பிடுவதற்கு என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவள் களி கிண்டி எட்டு உருண்டையாகப் பிடித்து டிபன் கேரியரில் வைத்துக் கொடுத்தாள். கம்மோடு வாங்க அவரும் லாய்டும் ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதிக்கு ஆட்டோவில் போனார்கள்.

கடைக்காரர் விநாயக் கன்னடக்காரர். ஊர்த் தமிழை நன்றாகவே பேசுவார், நடுநடுவே தன் பாஷையும் எட்டிப் பார்க்கும். முதலில் ஒன்றைக் காட்டினார். பக்கத்தில் போய் நின்றதும் அதன் மூடி தானாகத் திறந்தது. லாய்ட் இரண்டடி பின்னால் போனான். நாற்பதாயிரம் என்றார் விநாயக். கொர்னேலியஸும் அதைக் கொஞ்சநேரம் மரியாதையாகத்தான் பார்த்தார். பிறகு, "கரண்ட் போச்சின்னா?" என்றார். கையால் தூக்கிக்கொள்ளலாம் என்று விநாயக் சொன்னதும் அந்த மரியாதை போய்விட்டது. அடுத்து ஏழாயிரத்துக்கு ஒன்று, ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்கு ஒன்று. இரண்டின் அட்டையிலும் சைபோனிக் என்றுதான் போட்டிருந்தது. கொர்னேலியஸ் சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். சொரசொரப்பு விரலில் பட்டது.

"ஓட்டிக் காட்டுங்க," என்றார்.

"சார், இது ஷோரூம் பீஸ். தண்ணி கனெக்ஷனே இல்லை. யாரும் இப்படிக் கேட்டது இல்லை."

"நான் வைண்டர்ங்க. லோடு இறக்கிப் பாக்காம வாங்கமாட்டேன்."

சுரங்கத்தில் அது எழுதிவைத்த விதி. கம்பி வடத்தைப் புதிதாக மாற்றினால் முதல் ஓட்டத்தில் ஆள் ஏறக்கூடாது. ஆட்களின் எடையைவிடக் கூடுதலான பாரத்தை கேஜில் ஏற்றி, அடிவரைக்கும் இறக்கி, மேலே கொண்டுவந்து பார்க்க வேண்டும். அது ஒழுங்காகப் போய் வந்தால்தான் மூன்று மணி அடிக்கலாம். கொர்னேலியஸ் டிபன் கேரியரைத் திறந்து விநாயக்கின் மேஜைமேல் வைத்தார். ஓர் ஆளுக்கு ஒரு வேளைக்கு இவ்வளவு என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு, அதைப்போல் இரண்டு பங்கு கொண்டுவந்திருந்தார். விநாயக் உருண்டைகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி உருண்டைகளைப் பார்த்தார். இருபது வருஷமாகக் கம்மோடு விற்கிறவர் என்றாலும் அவருக்குள்ளும் ஓர் ஆசை இருந்திருக்க வேண்டும். "ஸ்வல்ப இருங்க சார்," என்று சொல்லிவிட்டுக் குடோனைத் திறந்தார்.

சிமெண்ட் கற்களை அடுக்கி அதன்மேல் கம்மோடை ஏற்றி, கீழே ஒரு தொட்டியை வைத்தார்கள். லாய்ட் டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு ஃப்ளஷ் டேங்கை நிரப்பினான். ஏழாயிரம் ரூபாய் கம்மோடில் எட்டு உருண்டை போட்டதில் ஐந்து போனது, மூன்று அங்கேயே சுழன்றுகொண்டு நின்றது. ஒன்பதாயிரத்து ஐந்நூறில் ஒன்று வளைவில் சிக்கிக்கொண்டது. லாய்ட் ஒரு குச்சியை எடுத்துவந்து அதைக் குத்தினான். விநாயக்குக்கு முகம் வாடிவிட்டது. அவர் கடைச் சரக்கு அது.

அப்போதுதான் கொர்னேலியஸ் மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த ஒன்றைப் பார்த்தார். வெளிர்பச்சை நிறம்.

"அது வேண்டாம் சார். பத்து வருஷமா நிக்குது. ஒரு பங்களாவுக்குன்னு வரவழைச்சோம், அவங்க கலர் பிடிக்கலன்னு திருப்பிட்டாங்க. இப்ப எல்லாருக்கும் வெள்ளைதான் வேணும்."

கொர்னேலியஸ் சாக்கை விலக்கி வளைவுக்குள் கையை விட்டார். விரல் போய்க்கொண்டே இருந்தது. சாப்பிடுகிற பீங்கான் தட்டைத் தடவுவதுபோல் இருந்தது. டேப்பை எடுத்து அடிப்பக்க ஓட்டையின் தூரத்தை அளந்தார். ஒன்பது அங்குலம்.

அதையும் கல்மேல் ஏற்றினார்கள். விநாயக் டேங்குக்குள் புது ரப்பர்களைப் போட்டுக் கொடுத்தார். கழுவிய எட்டு உருண்டைகளும் உள்ளே போயின. கொர்னேலியஸ் ஒரு விரலால் அழுத்தினார்.

தண்ணீர் கொஞ்சம் மேலே ஏறியது. ஒரு கணம் அப்படியே நின்றது. போச்சு, இதுவும் அதே கதைதான் என்று அவர் நினைப்பதற்குள், உள்ளே எங்கேயோ ஏதோ ஒன்று மடக்கென்று விழுங்கியது. நின்ற தண்ணீர், சுழன்ற தண்ணீர், எட்டு உருண்டை, எல்லாம் ஒரே இழுப்பில் காணாமல் போயின. கிண்ணம் துடைத்துவைத்ததுபோல் ஆனது. வளைவு ஒருமுறை மூச்சு விட்டது. பிறகு புதுத் தண்ணீர் வந்து சத்தமில்லாமல் அடியில் தேங்கி நின்றது. எல்லாம் நாலு நொடி. கீழே தொட்டியில் லாய்ட் விரல்விட்டு எண்ணினான். எட்டும் இருந்தன.

வாயை மூடவே தெரியாத லாய்ட்கூடத் தொட்டியையும் கம்மோடையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். "இருபது வருஷம் வித்திருக்கேன். இப்படிப் பாத்ததே இல்லை," என்றார் விநாயக் மெல்ல. இன்னொரு முறை போட்டார்கள். எதிர்க்கடைத் தையல்காரர் வந்து எட்டிப் பார்த்தார். மூன்றாம் முறை போடும்போது குடோன் வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மூன்று முறையும் எட்டுக்கு எட்டு.

கொர்னேலியஸுக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. அவர் ஓட்டிய இன்ஜின் ஓர் ஊருக்கு ஆகிற கரண்டைத் தின்னும், எண்ணெய் போட மட்டும் ஆள் வைத்திருந்தார்கள். இங்கே ஒரு சின்ன வாளித் தண்ணீர், களிமண்ணில் பிடித்துச் சுட்ட ஒரு வளைவு. தேய்கிறதற்கு எதுவும் இல்லை, அறுந்துபோக வடம் இல்லை. இதை யோசித்துக் கண்டுபிடித்தவன் எங்கேயோ உட்கார்ந்து எத்தனை தடவை தோற்றிருப்பான் என்று நினைத்தார். கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையை எடுத்து வியர்வையைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டார். விநாயக், "யாரும் கேக்காத கலர் சார், நாலாயிரம் கொடுங்க," என்றார். பேரம் பேசவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

தப்பு எங்கே நடந்தது என்றால், லாய்டின் மௌனம் ராபர்ட்சன்பேட்டை எல்லையைத் தாண்டவில்லை. சாயங்காலத்துக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. பியூலா தெருக்குழாய்க்குப் போனபோது ஒருத்தி, "உங்க களி எட்டு உருண்டையும் ஒரே இழுப்புல எறங்கிச்சாமே அக்கா," என்றாள். பியூலா குடத்தை நிரப்பாமலே திரும்பி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தாமோதரன் வந்து பொருத்தினான். பச்சைக் கம்மோடு அந்தச் சின்ன அறையில் ராணி மாதிரி உட்கார்ந்தது. பியூலா அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. திங்கள், செவ்வாய், புதன். ஜக்கில் தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்றது. ஸ்கேனுக்கு இன்னும் எட்டு நாள். அன்று மாலை கொர்னேலியஸ் தாங்கமாட்டாமல் கேட்டார்.

"இப்ப இன்னா கொறை பியூலா? ஒரு வெரலால அழுத்தினா போதும்."

"எந்த ஊட்டுக்காரனாவது பொண்டாட்டி கக்கூஸ் போறத கடைவீதியில வெச்சி சோதனை பண்ணுவானா?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "என் கையாலயே களி கிண்ட வெச்சி எடுத்தும் போனீங்க. கொழாயாண்ட அத்தன பேரும் சிரிக்கறாங்க. எனக்கு எங்க போயி மூஞ்சிய வெச்சிக்கறது?"

அவருக்கு அது தோன்றவே இல்லை. குடோனில் அத்தனை பேர் நின்றபோதும், அவர்கள் எல்லோரும் தன் மனைவியைப் பற்றித்தான் நினைக்கக்கூடும் என்பது அவர் புத்தியில் படவில்லை.

"உன்னை ஏத்தணும்," என்றார் கடைசியில். "லோடு இறக்காம எப்டி ஏத்துவேன்?"

பியூலா அவரைப் பார்த்தாள். அந்தப் பதின்மூன்று வருஷத்தில் அவர் வேலையைப் பற்றி வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. இந்த ஆறு வார்த்தையில் எல்லாம் இருந்தது. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எறக்கிப் பாத்தாச்சில்ல?"

"பாத்தாச்சி. மூணு தபா."

"அப்ப நான் உள்ள போனா கதவாண்ட வந்து எதுக்கு நிக்கறீங்க?"

கொர்னேலியஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சத்தம் போடாமல்தான் நிற்பார். தண்ணீர் ஒழுங்காக இறங்குகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்பார். பழைய கம்மோடு காலத்திலிருந்தே கேட்கிறார். எத்தனை வாளி, கை வலித்து நடுவில் நிறுத்தினாளா, எல்லாம் அவருக்குத் தெரியும். அது அவளுக்குத் தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

"பக்கத்து ஊட்டுக்குக் கேக்கறது கெடக்கட்டும். நீங்க கேட்டுகினு கீறீங்கன்னு தெரிஞ்சா எனக்குத் தண்ணி எறங்குமா?" என்றாள் பியூலா. "போங்க. ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வாங்க. இனிமே நான் உள்ள போறப்பல்லாம் அந்தப் பக்கம் எங்கனா போங்க."

கேஜில் ஆள் இருக்கும்போது வைண்டர் எழுந்திருக்கக் கூடாது. மூத்திரம் முட்டினாலும் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த மனிதருக்கு அந்தத் தெருவைத் தாண்டுவதற்குள் நாலு முறை திரும்பிப் பார்க்கத் தோன்றியது. திரும்பவில்லை. ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் வந்து நின்றது. தூக்குவாளியும் பையுமாக ஜனங்கள் இறங்கினார்கள். ரயில் மாரிகுப்பத்துக்குக் கிளம்பிப் போனபின்னும் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் என்ன நடக்கிறது என்று இங்கிருந்து கேட்க வழியே இல்லை. கை இரண்டும் சும்மா மடியில் கிடந்தன. அரைமணி நேரம் அப்படி இருந்துவிட்டு எழுந்து நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது பியூலா சமையல்கட்டில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜக்கு காலி. அவள் கையில் சொம்பு இருந்தது. அவரைப் பார்த்துவிட்டு அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தாள். நடுவில் நிறுத்தவில்லை. தொண்டை ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது. நாற்பது வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் அவள் தண்ணீர் குடிப்பதை அவர் நின்று பார்த்ததே இல்லை. அவருக்குக் கைகூப்ப வேண்டும்போல் இருந்தது.

"இன்னா அப்டிப் பாக்கறீங்க?" என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டே.

அவள் காலி ஜக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"ரொப்பிகினு வாங்க. அப்டியே ஸ்டேஷன் பக்கம் இன்னொரு தபா போயிட்டு வாங்க."